பந்தய மோட்டாரின் ஏழு ஆண்டுகள்

கோயம்புத்தூரில் ஜெகந்நாதன் என்றொரு பம்பு வியாபாரி இருக்கிறார். படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுகிற பழைய பந்தய மோட்டார்களைத் தேடி வாங்கிச் சேர்ப்பவர். கொச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் துருவேறிக் கிடந்த ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் தன் கையாலேயே பிரித்துப் பூட்டி மறுபடி ஓடவைத்தார். அதைப் பெங்களூரில் நடக்கும் பழைய இயந்திரக் கண்காட்சியில் வைக்க விரும்பினார். முதல் உரிமையாளரிலிருந்து இன்றுவரை மோட்டார் யார் யார் கைக்கு மாறியது என்ற பட்டியல் வேண்டும் என்றார்கள் கண்காட்சிக்காரர்கள்.

அந்த வேலை சுகிர்தாவிடம் வந்தது. காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து வண்டிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தவர். பிறகு பழைய இயந்திரங்களின் கைமாறிய வரலாற்றைத் தேடித் தருவதையே தொழிலாக்கிக்கொண்டார். ஜெகந்நாதன் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதில் ஒரு வரி: ‘இந்தத் தேடலில் நான் கண்டறியும் எதையும் உரிமையாளரின் அனுமதியின்றி வெளியாரிடம் சொல்ல மாட்டேன்.’

கொச்சிக் கடைக்காரர் மோட்டாரை மதுரையில் வாங்கியிருந்தார். மதுரைக்காரருக்கு அது 1971இல் தூத்துக்குடி பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இன்னொரு முனையில், 1959இல் அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர் தூத்துக்குடி உப்பள முதலாளி தர்மலிங்கம். சுங்கச் சீட்டில் மோட்டாரின் எண்ணும் அவர் கையெழுத்தும் இருந்தன. 1964இல் அவர் பினாங்குக்குப் போய்விட்டார். அதன்பின் 1971 வரை மோட்டார் யாரிடம் இருந்தது?

அதை விசாரித்துத் தூத்துக்குடிக்குப் போனபோதுதான் சுகிர்தா ரெஜினாளைச் சந்தித்தார். எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை. அவருடைய தகப்பனார் கஸ்பார் மச்சாது அந்த ஊர்ப் படகுக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்தவர். பந்தயங்களில் தர்மலிங்கத்தின் படகை ஓட்டியவரும் அவர்தான். ஆனால் கழகத்தின் பதிவேட்டில் ஜெயித்தவர் என்று முதலாளியின் பெயர் மட்டுமே இருக்கும். முதலாளி ஊரைவிட்டுப் போகும்போது மோட்டாரைக் கஸ்பாருக்கே கொடுத்து, ஒரு கடிதமும் எழுதித் தந்தார். மறு வருடம் கஸ்பார் தன் பெயரிலேயே பந்தயத்தில் இறங்கி முதலாவதாக வந்தார்.

கழகத்துப் பெரிய மனிதர்களுக்கு அது பொறுக்கவில்லை. மெக்கானிக்குக்கு ஏது பந்தய மோட்டார் என்று செயலாளர் போலீசில் திருட்டுப் புகார் கொடுத்தார். கடிதத்தைக் காட்டியும் நம்பவில்லை. அவனே எழுதிக்கொண்டிருப்பான் என்றார்கள். பினாங்குக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. கஸ்பாரைப் பதினொரு நாள் காவலில் வைத்திருந்து, சாட்சியில்லை என்று விட்டார்கள். மோட்டாரைத் திருப்பித் தரவில்லை. அது காவல் நிலையத்திலேயே கிடந்து, கடைசியில் பழைய இரும்போடு ஏலத்தில் போயிற்று. வேலையும் போயிற்று. சாகும்வரை அவருக்குத் தெருவில் ‘மோட்டார் திருடன்’ என்றுதான் பெயர்.

கடிதத்தைப் படமெடுத்துக்கொள்ளச் சுகிர்தா அனுமதி கேட்டார்.

“எடுத்துக்கம்மா. மோட்டார் எனக்கு வேண்டாம். அது இப்ப எங்க இருக்குன்னு மட்டும் எனக்குத் தெரியணும். சொல்லுவியா?” என்றார் ரெஜினாள்.

“சொல்றேன் டீச்சர்.”

கடிதத்தில் இருந்த எண்தான் மோட்டாரிலும் இருந்தது. கையெழுத்து, சுங்கச் சீட்டில் இருந்த அதே கையெழுத்து. கஸ்பார் திருடவில்லை என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. சுகிர்தா எல்லாவற்றையும் எழுதி, கடிதத்தின் படத்தோடு ஜெகந்நாதனிடம் கொடுத்தார். அவர் இரண்டு முறை படித்தார்.

“நான் திருடலைங்க மேடம். முறையா வாங்கியிருக்கறேன். இதைப் போட்டா நாளைக்கு அந்தம்மா வந்து உரிமை கேப்பாங்க. அந்த ஏழு வருசத்துக்கு ‘விவரம் கிடைக்கவில்லை’ன்னு எழுதிருங்க.”

“கிடைச்சிருக்கே சார்.”

ஜெகந்நாதன் ஒப்பந்தத்தை நினைவூட்டினார். சுகிர்தா ஓர் எழுத்தையும் மாற்றித் தர மறுத்து எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒருவருக்கு, வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து. இன்னொருவருக்கு, சொல்கிறேன் என்று வாய்ச்சொல்.

சில நாளில் கண்காட்சியின் அழைப்பிதழ் ஊரெங்கும் வந்தது. மோட்டாரின் படம், அதன் எண், ஜெகந்நாதனின் பெயர் எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. சுகிர்தா ஒன்றை உறையிலிட்டு, ‘டீச்சர், மோட்டார் இங்கே இருக்கிறது’ என்று மட்டும் எழுதித் தூத்துக்குடிக்கு அனுப்பினார்.

ரெஜினாள் ரயிலேறிப் பெங்களூர் போனார். மோட்டாருக்குப் பக்கத்தில் ஜெகந்நாதன் எழுதிவைத்திருந்த அட்டையில் ‘1964–1971: விவரம் கிடைக்கவில்லை’ என்று இருந்தது. பையிலிருந்து கடிதத்தை எடுத்து, நின்ற இடத்திலேயே உரக்கப் படித்தார்: “இந்த எண்ணுள்ள மோட்டாரைக் கஸ்பார் மச்சாதுவுக்கு முழு மனதோடு கொடுத்துவிட்டேன். இனி இதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ பாத்தியதை இல்லை.” கூட்டம் சேர்ந்தது. மறுபடியும் படித்தார். ஜெகந்நாதன் ஓடிவந்து, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

“எங்கப்பா பேரைப் போடுங்க. நான் போயிடுதேன்.”

அவர் போடவில்லை. கண்காட்சிக்காரர்கள் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்கள். மாலைக்குள் மோட்டாரை அரங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஜெகந்நாதன் இன்றும் கொதிக்கிறார். கையெழுத்திட்ட சுகிர்தா வாக்கை மீறிவிட்டாராம். யாரோ செய்த அநியாயத்துக்கு ரெஜினாள் தன்னை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாராம். தான் விட்டது ஒரே ஒரு வரி என்கிறார்.

இம்மூவரில் யார் செய்தது சரி? வாக்கு மீறியவர் உண்டா?

விடை: சுகிர்தா இரண்டு வாக்கையும் காப்பாற்றினார். தேடலில் கண்டறிந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்பதுதான் ஒப்பந்தம். மோட்டார் ஜெகந்நாதனிடம் இருப்பது அவர் தேடிக் கண்டறிந்தது அல்ல. வேலை தொடங்கும் முன்பே தெரிந்தது. அதை எண்ணோடு அச்சடித்து ஊருக்கே அறிவிக்க இசைந்தவரும் ஜெகந்நாதன்தான். ரெஜினாள் படித்தது தன் தகப்பனுக்கு வந்த கடிதம். அதற்கு அவர் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஜெகந்நாதன் திருடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செயலாளராவது கடிதம் பொய்யென்று நம்பியதாகச் சொல்லித் தப்பிக்கலாம். இவர் அது மெய்யென்று தெரிந்துகொண்டே ‘கிடைக்கவில்லை’ என்று எழுதினார். குற்றமில்லாத ஒரு மனிதனைத் திருடனாகவே விட்டுவைக்க இவருக்கு எப்படி மனம் வந்தது?