மணி அடிக்கும் பிள்ளை

மயிலாடுதுறைக் கடைத்தெருவில், ஒரு நாட்டு மருந்துக் கடையின் மாடியில் தியானக்கூடம் ஒன்று இருந்தது. குருவுக்கு முப்பத்தாறு வயதுதான். அதற்கு முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். சீடர்கள் எல்லாருமே அவரைவிட மூத்தவர்கள். வெறுமனே 'சாமி' என்று கூப்பிட வாய் வராமல் ஆரம்பத்தில் 'தம்பி சாமி' என்றார்கள், அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

சீடர்களில் அமுதவல்லி ஒருத்தி. மின்வாரிய அலுவலகத்தில் வேலை. அவளுடைய மகள் கயல் அஞ்சாவது முடித்திருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்பாவோடு பைக்கில் போகும்போது லாரி மோதியது. அப்பா போய்விட்டார். கயலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த ஹாரன் மட்டும் அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கிடைத்த இடத்தில் சுருண்டுவிடுவாள். பழைய பள்ளியில் தெரிந்த டீச்சர் இருந்தார், மடியில் வைத்துக்கொள்வார். அந்தப் பள்ளி அஞ்சாவதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தியானம் முடியும் நேரம். கயல் சின்ன மரச்சுத்தியால் வெண்கல மணியைத் தட்டினாள். வந்த முதல் நாள் இதே மணிக்குப் பயந்து மாடிப்படி வரை ஓடியவள்தான். மறுநாளே தம்பி சாமி சுத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டார். சின்னப் பிள்ளை சும்மா இருக்க வேண்டாமே என்று கொடுத்த வேலை என்றுதான் அமுதவல்லி நினைத்தாள்.

மணி கேட்டு எல்லாரும் கண் திறந்தார்கள். அமுதவல்லி திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதமாக அவள் கண்ணை மூடுவதெல்லாம் பேருக்குத்தான்.

"சாமி, ரெண்டு பள்ளிக்கூடம் பார்த்து வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணுல சேர்த்தாகணும். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

ஒரு ஃபைலை நீட்டினாள். தேர்ச்சி விகிதம், வேன் வரும் நேரம், கழிப்பறை எத்தனை என்பது வரை பச்சை மையில் எழுதியிருந்தாள். தம்பி சாமி அதைத் திறக்கவில்லை.

"கயலைப் பத்தி அங்க சொல்லிட்டீங்களா அக்கா?"

"சொன்னா சீட்டு தருவாங்களா? நல்ல சமத்துப் பிள்ளைன்னு சொல்லியிருக்கேன். இன்டர்வியூவுல ஏதாவது சத்தம் கேட்டா மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுடின்னு பழக்கி வெச்சிருக்கேன்."

"எண்ணுறாளா?"

"மூணு வரைக்கும் எண்ணுவா."

தம்பி சாமி சிரித்துவிட்டார். கயலுக்கும் சிரிப்பு வந்தது.

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. உள்ள போனதும் முதல்ல அதைச் சொல்லுங்க. சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு நடக்குறதைப் பாருங்க."

"வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"இப்பவே தெரிஞ்சுபோகும். இல்லேன்னா ஜூலையில தெரியும்."

அமுதவல்லிக்கு மனசில்லை. ஆனாலும் போனாள்.

முதல் பள்ளி ஊருக்கு வெளியே, புதுக் கட்டடம். முதல்வர் முழுவதும் கேட்டார். முகம் சுளிக்கவில்லை.

"கவலையே படாதீங்க மேடம். இங்க மணியே கிடையாது, ஸ்பீக்கர்ல புல்லாங்குழல்தான். ரோட்டுச் சத்தம் எட்டிப் பார்க்காது. கவுன்சிலர் இருக்காங்க. உங்க பொண்ணு பயப்படுறதுக்கு இங்க ஒண்ணுமே இருக்காது."

அமுதவல்லிக்கு அழுகை முட்டியது. இரண்டு வருஷத்தில் யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. அவர் கயலிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழைய பெண்கள் பள்ளி. அங்கே மணி என்பது வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அமுதவல்லி தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் வாட்ச்மேன் அதை இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தார். கயல் மேஜைக்கு அடியில் போய்விட்டாள்.

அமுதவல்லி எழப் போனாள். தம்பி சாமி சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்தாள். அந்த ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்ததுதான் அவள் அதுவரை செய்த தியானங்களிலேயே கஷ்டமானது.

தலைமையாசிரியை கனத்த உடம்புக்காரர், முழங்கால் வலி வேறு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். தேம்பல் அடங்கும் வரை காத்திருந்தார்.

"சத்தம் ரொம்பப் பெருசா?"

கயல் தலையாட்டினாள்.

"எப்படி அடிச்சா பரவாயில்ல?"

கயல் யோசித்தாள். "கட்டையால. அடிக்கிறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

"அப்ப வா. அவருக்குச் சொல்லிக்குடு."

இருவரும் மரத்தடிக்குப் போனார்கள். கயல் ஒரு மரக்கட்டையால், கையை ஓங்காமல் அடித்துக் காட்டினாள். வாட்ச்மேன் அடித்தார். அது சரியில்லை என்று கட்டையை வாங்கி அவளே மறுபடி அடித்தாள். மணி மேல் மணி கேட்டு, ஒரு வகுப்பு சாப்பாட்டு நேரம் என்று டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அமுதவல்லி மாடி ஏறி வந்தாள்.

"ரெண்டு இடத்துலயும் சீட்டு தர்றேன்னுட்டாங்க சாமி."

"சந்தோஷம் அக்கா."

"ரெண்டாவது பள்ளிக்கூடம் மனசுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பஸ் ஸ்டாண்டு பக்கம், எந்நேரமும் ஹாரன். முதல் பள்ளிக்கூடத்துல சத்தமே கிடையாது. பிள்ளை ஒரு நாள்கூட அழ வேண்டியதில்ல. பெத்தவளுக்கு வேற என்ன வேணும்?"

"நியாயந்தான்."

"அப்ப அங்கயே சேர்த்துடட்டுமா?"

"அங்க எத்தனை மணிக்கு விடுறாங்க?"

"நாலு மணிக்கு."

மாலைத் தியானம் தொடங்கும் நேரமாகிவிட்டது; மூலையில் கயல் சுத்தியை எடுத்தாள்.

"அம்மா, அடிக்கப்போறேன்," என்று சொல்லிவிட்டுத்தான் தட்டினாள்.

ஓசை அடங்கும் வரை தம்பி சாமி காத்திருந்தார்.

"நாலு மணிக்கு அப்புறம் ரோட்டுக்குத்தானே வரணும்?"

அமுதவல்லி மகள் பக்கம் திரும்பினாள். சற்று நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒரு மாதத்தில் முதல் தடவையாக, உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டாள்.