முள் பிடுங்கும் மன்றம்

மலையடிவாரக் காட்டில் வேலாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். கிழங்கு தோண்டிப் பிழைப்பவள். அவளுக்கு இரண்டு குட்டிகள். அதே காட்டில் களஞ்சியம் என்றொரு பெருச்சாளியும் இருந்தார். அவர் ஒரு நாளும் கிழங்கு தோண்டியதில்லை. தோண்டுகிறவர்களுக்குக் கடன் கொடுத்தே கொழுத்துப் போனவர்.

ஒரு கோடையில் காட்டுப்பன்றிக் கூட்டமொன்று வேலாயியின் கிழங்குக் கொல்லைக்குள் புகுந்து கிளறு கிளறென்று கிளறிவிட்டுப் போயிற்று. மழைக்கு இன்னும் நாளிருந்தது. குட்டிகள் பசியில் சிணுங்கின. வேலாயி வேறு வழியில்லாமல் களஞ்சியத்தின் வளைக்குப் போய் ஒரு கூடை கிழங்கு கடனாகக் கேட்டாள்.

"அதுக்கென்ன தாயி, எடுத்துக்கோ" என்றார் களஞ்சியம். அவருக்கு வாயெல்லாம் பல். பெருச்சாளிக்கு எப்போதும் அப்படித்தான் என்றாலும் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தது.

"வட்டி எவ்வளவு அண்ணாச்சி?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் அவர் அதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. ஒரு கூடை வாங்கிய வேலாயி நாலு கூடை திருப்பிக் கொடுத்தாள். இன்னும் மூன்று கூடை பாக்கி என்றார். அவளுக்குக் கணக்கே விளங்கவில்லை.

"வட்டி குட்டி போட்டிருக்கு தாயி. உனக்கு ரெண்டு குட்டி இருக்கலாம், என் வட்டிக்கு இருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. கடன் கழுத்துக்கு மேலே போய்விட்டது, எப்படிப் புரண்டாலும் கொடுக்க முடியாது என்ற நிலை வந்தால், பழுத்து மஞ்சளான ஆலிலை ஒன்றை எடுத்துக்கொண்டு நாவல் மரத்தடி மன்றத்துக்குப் போகலாம். மன்றம் விசாரிக்கும். இருப்பதில் கொடுக்க வேண்டியதைக் கடன் கொடுத்தவருக்குக் கொடுக்கச் சொல்லும். முடியாததைத் தள்ளுபடி செய்யும். இதற்கு மஞ்சள் இலை நீட்டுவது என்று பெயர். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதுவரை ஒருவரும் இலை நீட்டியதில்லை. காரணம் வேடிக்கையானது. அதைப் பற்றிச் சந்தேகம் வந்தவர்களெல்லாம் நேரே போய்க் களஞ்சியத்திடமே கேட்டார்கள்.

வேலாயியும் அப்படித்தான் கேட்டாள்.

"அண்ணாச்சி, மஞ்சள் இலை நீட்டினா என்ன செய்வாங்க?"

களஞ்சியம் மீசையை நீவிக்கொண்டார். "உன்னையா? முள்ளைப் பிடுங்குவாங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விட மாட்டாங்க. பிடுங்கி ஏலம் போடுவாங்க. அப்புறம் நீ மொழுமொழுன்னு நடந்து போவே. பார்க்கிறவங்க என் சொந்தக்காரின்னு நினைப்பாங்க. அந்த அவமானம் உனக்கு எதுக்கு?"

முள் இல்லாத முள்ளம்பன்றியை நரிகூட மதிக்காது. குட்டிகளை எப்படிக் காப்பாற்றுவது? அவள் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் கிழங்கு தோண்டப் போனாள்.

களஞ்சியத்திடம் ஆளுக்கேற்ற பயம் தயாராக இருந்தது. முயலுக்குக் காதை வெட்டுவார்கள். மயிலுக்குத் தோகையை உருவுவார்கள். மரங்கொத்திக்கு அலகை மழுக்குவார்கள். கேட்டவர்கள் எல்லோரும் நடுங்கிப் போய் வட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் களஞ்சியம் வேலாயியின் வாசலுக்கே வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

"உன்னால கட்ட முடியாது, எனக்குத் தெரியும். பரவாயில்ல. குட்டிங்க ரெண்டையும் என் வளைக்கு அனுப்பிவிடு. மண்ணு அள்ளட்டும். கடன் தீர்ற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."

"எப்போ தீரும் அண்ணாச்சி?"

"அது வட்டிக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவர் போன பிறகு வேலாயி தூங்குகிற குட்டிகளைப் பார்த்தாள். பயமெல்லாம் போய் அவளுக்குக் கோபம் வந்தது. முள் போனால் போகட்டும். குட்டிகள் போகக் கூடாது. அவள் ஆலமரத்தடிக்குப் போய் இருப்பதிலேயே நல்ல மஞ்சளான இலையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டாள்.

அவளுடைய தம்பி ஈட்டிமுத்துவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஓடி வந்தான்.

"அக்கா, இலையை நீட்டு, வேண்டாங்கல. ஆனா விதைக்கிழங்கு ஒரு கூடை வச்சிருக்கியே, அதை என்ன செய்யப் போறே?"

மழை வந்ததும் நடுவதற்காக வேலாயி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்த கூடை அது. குட்டிகள் அழுதபோதும் அதில் கை வைத்ததில்லை.

"என்ன செய்யணும்?"

"மன்றத்துக்காரங்க முதல்ல அதைத்தான் அள்ளுவாங்க. பேசாம என்கிட்ட கொடுத்து வை. எல்லாம் முடிஞ்சதும் திருப்பித் தர்றேன். எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க."

அந்தக் காட்டில் இலை நீட்டியவரே கிடையாது. பிறகு எல்லாரும் எப்படி இப்படிச் செய்திருப்பார்கள்? வேலாயிக்கு அதை யோசிக்கத் தோன்றவில்லை. கூடையைத் தம்பியின் தலையில் ஏற்றிவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மன்றம் கூடியது. முள் பிடுங்குவதை வேடிக்கை பார்க்கக் காடே திரண்டு வந்திருந்தது. முயல் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. களஞ்சியம் ஏலம் எடுப்பவரைப் போலத் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வந்தார்.

நீதிபதி ஒரு தேவாங்கு. கையும் காலும் குச்சி குச்சியாக, உடம்பு ஒரு பிடிதான் இருக்கும். கண்கள் மட்டும் முகம் முழுக்க. அவர் நாவல் கிளையில் தொங்கியபடி வேலாயியைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

வேலாயி மஞ்சள் இலையை வைத்தாள். பிறகு திரும்பி நின்று முதுகைக் காட்டினாள்.

"எதுக்கும்மா அப்படி நிக்கிறே?"

"பிடுங்கிக்கோங்க ஐயா. சீக்கிரம் முடிச்சிடுங்க. குட்டிங்க பார்த்துட்டிருக்கு."

"எதைப் பிடுங்கணும்?"

"முள்ளைத்தான்."

தேவாங்கு கிளையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி வந்தார். "உன் முள்ளை வச்சு இந்த மன்றம் என்ன செய்யும்? பல் குத்தவா? யார் சொன்னது உனக்கு?"

வேலாயி களஞ்சியத்தைப் பார்த்தாள். களஞ்சியம் வானத்தைப் பார்த்தார்.

"உடம்புல இருக்கிறது எதையும் மன்றம் தொடாது. நீ குடியிருக்கிற வளையையும் தொடாது. இந்தப் பக்கம் திரும்பும்மா. யாருக்கெல்லாம் கடன் பாக்கி, ஒண்ணு விடாம சொல்லு."

வேலாயி சொன்னாள். களஞ்சியத்துக்கு மூன்று கூடை. கௌதாரியிடம் வாங்கிய ஒரு பிடி தினைகூட ஞாபகம் வந்தது. அதையும் சொன்னாள்.

"சரி. இப்போ நான் கேக்கப் போறதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லு. இங்க வர்றதுக்கு முன்னாடி எதையாவது யார்கிட்டயாவது கொடுத்து வச்சியா?"

பின்னாலிருந்து ஈட்டிமுத்து பலமாக இருமினான். வேலாயி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் முள்ளம்பன்றிக்கு ஒரு சங்கடம் உண்டு. பயம் வந்தால் முள் தானாக எழுந்து நின்றுவிடும். அவளுடைய முட்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, கடைசியில் மொத்தமும் விறைத்துக்கொண்டு நின்றன. காடே அதைப் பார்த்தது.

தேவாங்கு அவசரப்படுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

இத்தனை நாள் பயந்து பயந்து செத்தது போதும் என்று வேலாயிக்கு இருந்தது. "இருக்கு ஐயா. ஒரு கூடை விதைக்கிழங்கு. தம்பிகிட்ட ஒளிச்சு வச்சிருக்கேன். தப்புத்தான்."

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. ஈட்டிமுத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அக்காவின் பின்னால் ஒதுங்கினான்.

"அடப் பாவமே" என்றார் தேவாங்கு. "விதையையும் தொழில் செய்யற சாமானையும் மன்றம் எடுக்கிறதே இல்லம்மா. அது இல்லாம நீ மறுபடி எப்படிப் பிழைப்பே? வீட்டுலயே வச்சிருந்தா அது உன்னோடது. ஒளிச்சு வச்சதாலதான் அது திருட்டுச் சொத்து மாதிரி ஆயிடுச்சு. நாங்களா கண்டுபிடிச்சிருந்தா விதையும் போயிருக்கும், கடனும் தள்ளுபடி ஆகியிருக்காது. நீயா வாயைத் திறந்து சொன்னதால பொழைச்சே. டேய் தம்பி, கூடையைக் கொண்டு வா."

ஈட்டிமுத்து போனான். வந்தான். கூடையில் பாதிதான் இருந்தது.

"மீதி எங்கடா?" என்றாள் வேலாயி.

"பத்திரமா வச்சிருக்கேன் அக்கா."

"எங்க?"

ஈட்டிமுத்து தன் வயிற்றைத் தடவிக் காட்டினான். குட்டிகள் இரண்டும் முதலில் சிரித்தன. பிறகு காடு முழுக்கச் சிரித்தது. வேலாயிக்குத் தம்பியை ஒரு முள்ளால் குத்தலாம் போலிருந்தது. குத்தவும் செய்தாள். தின்ற பாதியை மழை வருவதற்குள் தோண்டிக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு உத்தரவானது.

அடுத்து தேவாங்கு களஞ்சியத்தின் பக்கம் கண்ணைத் திருப்பினார். "நீங்க ஒரு கூடை கொடுத்து நாலு கூடை வாங்கியிருக்கீங்க. இன்னும் மூணு கூடையா?"

"வட்டி ஐயா. குட்டி போட்டிருக்கு."

"அந்தக் குட்டியை நீங்களே வளர்த்துக்கோங்க. இந்த அம்மா வளையில உபரியா இருக்கிறது ரெண்டு காய்ஞ்ச மாங்கொட்டை. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு கௌதாரிக்கு. மீதியெல்லாம் தள்ளுபடி."

களஞ்சியம் துண்டை உதறினார். "அப்போ குட்டிங்களை இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"தாயோட கடனுக்குக் குட்டி பொறுப்பில்ல. இலையை இங்க வச்ச நிமிஷத்துல இருந்து கடனைக் கேட்டு நீங்க அவ வாசல் பக்கம் போறதே குற்றம்."

வேலாயி குட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். முட்கள் இன்னும் முழுசாகப் படியாததால் குட்டிகள் ஐயோ ஐயோவென்று கத்தின. ஆனாலும் விலகிப் போகவில்லை.

மன்றம் கலைந்திருக்க வேண்டும். ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசை முயல் தொண்டையைக் கனைத்தது.

"ஐயா, எனக்கு இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு முயல். அதுக்குக் கொஞ்சம் கடன். இலை நீட்டினா காதை வெட்டுவாங்களா?"

"வெட்ட மாட்டாங்க."

"அதுக்கு ஜாமீன் போட்ட இன்னொரு முயல் இருக்கு. அதை என்ன செய்வாங்க?"

"கடன் வாங்கின முயல் தப்பிச்சாலும் ஜாமீன் போட்ட முயலைக் கேக்கத்தான் செய்வாங்க. அதனால முதல்ல அதுகிட்ட போய் விஷயத்தைச் சொல்லு. அதாவது, உனக்குத் தெரிஞ்ச முயலைச் சொல்லச் சொல்லு."

முயல் காதுகளை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தது. மயில் எழுந்தது. அதற்குத் தெரிந்த ஒரு மயிலுக்கு, ஒருமுறை இலை நீட்டினால் மறுபடி எங்கும் கடன் கிடைக்காதோ என்று கவலை. கொஞ்ச காலம் கிடைக்காது, அது அந்த மயிலுக்கு நல்லதுதான் என்றார் தேவாங்கு. குஞ்சுகளுக்குச் சோறு போடுகிற பொறுப்பும் தள்ளுபடி ஆகுமா என்று ஆண் மரங்கொத்தி ஒன்று கேட்டது. அது சாகிற வரைக்கும் ஆகாது என்று தேவாங்கு சொன்னதும், கூட்டத்திலிருந்த பெண் மரங்கொத்தி அதைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. எழுந்து கேட்டவர்கள் ஒருவர்கூடத் தனக்காகக் கேட்கவில்லை. எல்லோரும் தெரிந்தவர்களுக்காகவே கேட்டார்கள். கேட்டு முடித்த ஒவ்வொருவரும் நேரே ஆலமரத்தடிக்குப் போய் மஞ்சள் இலை தேட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் மரத்தடியில் வேலாயியும் குட்டிகளும் களஞ்சியமும்தான் பாக்கி. களஞ்சியத்தின் கையில் மாங்கொட்டை இருந்தது. மீசை தொங்கிப் போயிருந்தது.

"ஐயா" என்றார் மெதுவாக. "எனக்குத் தெரிஞ்ச ஒரு பெருச்சாளி. ஊருக்கெல்லாம் கடன் கொடுத்தது உண்மைதான். ஆனா கொடுத்ததெல்லாம் அதோட சொந்தச் சரக்கில்ல. பக்கத்துக் காட்டு அணிலுங்ககிட்ட கடனா வாங்கித்தான் கொடுத்துச்சு. இப்போ எல்லாரும் இலை பொறுக்கப் போயிட்டாங்க. அணிலுங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பெருச்சாளி இலை நீட்டினா வாலை நறுக்குவாங்களா?"

வேலாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். அந்தக் குரலில் இருந்த நடுக்கம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். தேவாங்கு பதில் சொல்வதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"நறுக்க மாட்டாங்க அண்ணாச்சி. ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு. எதையாவது எங்கேயாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

களஞ்சியம் வாலை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். தேவாங்கு அவரைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

"ஒரு ஏழு வளையில இருக்கு" என்றார் களஞ்சியம்.

"உக்காருங்க. ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றார் தேவாங்கு.

கடன்பட்டவர் தன் பயத்தில் லாபம் பார்ப்பவரிடம் வழி கேட்காமல், சட்டம் தெரிந்தவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்டால்தான் கரையேற முடியும்.