மரைக்காயர் கேட்ட இடம்

ஜமாஅத் தலைவரான முதல் வாரமே தாவூது மரைக்காயருக்குக் கழுத்து விறைத்துவிட்டது. ஊர் விருந்தில் ஐந்து பேரோடு ஒரே சகன் தட்டில் கைவைத்துச் சாப்பிட அவரால் ஆகாதாம். பரிமாறும் மீராசாவைக் கூப்பிட்டார்.

"தலைவனுக்கு நம்ம மார்க்கம் சொல்ற இடம் எதுவோ, அங்கே என்னை வைக்கணும். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒரு குறை சொன்னாலும் உனக்கு வேலை கிடையாது!"

"ஆகட்டும் முதலாளி."

விருந்தன்று எல்லோரும் சகன்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மீராசா தலைவரின் கையில், விருந்தாளிகள் கைகழுவத் தண்ணீர் ஊற்றும் கெண்டியைக் கொடுத்தான்.

"என்னடா இது?" என்றார் தலைவர்.

"நீங்க கேட்ட இடம். எல்லாருக்கும் தன் கையால ஊத்திக் கொடுத்துட்டு, நபிகள் நாயகம் (ஸல்) கடைசியாத்தானே குடிச்சாங்க? ஹஜ்ரத், குறை இருந்தா சொல்லுங்க."

ஹஜ்ரத் கையை நீட்டினார். அவ்வளவுதான், கூடம் முழுக்கக் கைகள் நீண்டன. தலைவர் குனிந்து குனிந்து ஊற்றினார். முடிந்தது என்று நிமிர்ந்தால், எதிரே இன்னொரு கை.

"நானும் ஜமாஅத்துதானே முதலாளி," என்றான் மீராசா. "நாளைக்கு வேலைக்கு வரட்டுமா?"

"வந்து தொலை!" என்று தண்ணீரை ஊற்றினார் தலைவர்.