ரத்தப் பட்டியல் இருக்கும் இடம்

"என் வெப்சைட் எங்கே இருக்கு, டீச்சர்?"

இன்னாசிமுத்து இதைக் கேட்பது நான்காவது முறை.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஃபர்சானாவுக்கு முப்பத்தொன்று. அவள் சொல்லித் தருவாள். அவர் முன்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்.

"கிளவுட்ல இருக்கு, அண்ணாச்சி."

"கிளவுட் எங்கே இருக்கு?"

"பெரிய பெரிய கட்டடத்துல. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர். அதுல கொஞ்சம் இடம் நமக்கு வாடகைக்கு."

"அதுல என்னோடது எது?"

அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

ரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் பெயரையும் போன் நம்பரையும் பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார் அவர். மூவாயிரத்துச் சொச்சம் பேர். அந்தப் பட்டியலைக் காட்டும் வெப்சைட் அவர் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

போன ஐப்பசியில் முன்னறைக்குள் மழைத்தண்ணீர் ஏறியது. இரண்டு நாள் வெப்சைட் திறக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் ஒரு குடும்பம் அதைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறது. பிரசவத்துக்குச் சேர்த்த பெண். ஓ நெகட்டிவ். பெயர் ஜெபராணி.

பிள்ளை மட்டும் பிழைத்தது.

அதன் பிறகுதான் அவர் ஃபர்சானாவிடம் வந்தார். அவள் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிக் கொடுத்தாள். அவருக்குத் தூக்கம் போனது.

"முன்னறையில இருந்தப்போ கையை வச்சுப் பார்ப்பேன், டீச்சர். சூடா இருந்தா ஓடுதுன்னு தெரியும். இப்போ எதுல கை வைக்க?"

ஃபர்சானா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் இரண்டு வரிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி.

"இந்த ரெண்டு கம்ப்யூட்டர்லயும் உங்க வெப்சைட் ஓடுது."

"ரெண்டுலயுமா? எது அசல்?"

"மேலே இருக்கிறதை அழிங்க."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"யாராவது இப்போ தேடிக்கிட்டிருந்தா?"

"தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. பதினாலு பேர்."

"என்னால முடியாது, டீச்சர்."

"தண்ணி உங்களைக் கேட்டுக்கிட்டா உள்ளே வந்துச்சு?"

அவர் கையை மறுபடி நீட்டினார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினார்.

மேல்வரி மறைந்தது.

தன் போனில் வெப்சைட்டைத் தட்டினார். திறந்தது. ஓ நெகட்டிவ் என்று தேடினார். பெயர்கள் வந்தன.

இரண்டு நிமிஷம் கழித்துத் திரையில் புதிதாக ஒரு வரி. பச்சைப் புள்ளி.

"இதை யார் போட்டது?"

"யாரும் போடலை. ஒண்ணு போனா இன்னொண்ணு தானா வரும்படி சொல்லி வச்சிருக்கோம். கூட்டம் கூடினா மூணாகும், நாலாகும். குறைஞ்சா திரும்ப ரெண்டு."

"பெயரெல்லாம்?"

"அது இதுல இல்லை. தனியா வேற இடத்துல இருக்கு. அதுக்கு நகல் இன்னொரு ஊர்ல."

அவர் நோட்டைத் திறந்தார். எழுத ஆரம்பித்தார். அடித்தார். மூடினார்.

"அழிச்சதும் என்னோடது. இருக்கிறதும் என்னோடது. இப்போ வந்ததும் என்னோடதா?"

"ஆமா."

"தலை சுத்துது, டீச்சர். நான் எதைத்தான் தொட்டுப் பார்க்கிறது?"

ஃபர்சானா அவர் போனை வாங்கினாள். பட்டியலில் முதலில் இருந்த பெயரை அழுத்தி, அவர் காதில் வைத்தாள்.

மணி இரண்டு முறைதான் அடித்தது.

"ஹலோ, அண்ணாச்சியா?" என்றது ஒரு ஆண் குரல். "ரத்தத்துக்கா?"

இன்னாசிமுத்து அவளைப் பார்த்தார்.

"எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க," என்றது குரல். "வண்டியை எடுத்துட்டேன்."