பாறை உச்சியில் வருகைப் பதிவு

காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு மைனா படித்தது. யார் குரலையும் அச்சு அசலாகப் பேசும் குறும்புக்கார மைனா.

ஒருநாள் மந்தி டீச்சர், “இன்றைக்கு மலை உச்சியில் சுனையைப் பற்றிப் பாடம்!” என்றாள்.

ஆமை அதுவரை சுனையைப் பார்த்ததே இல்லை. “யானைத்தடம் வழியாப் போகலாமா டீச்சர்? நிழலா இருக்கும், ஏத்தமும் கம்மி.”

“அது சுத்து வழிடா! பாதி நாள் போயிடும். பாறை மேல ஏறு!” மந்தி தாவிவிட்டாள்.

மைனா பறந்தது. அணில் ஓடியது. தவளை சுடுபாறையில் கால் வைத்ததுமே, “ஐயோ!” என்று திரும்பிவிட்டது. ஆமை மட்டும் விடாமல் ஏறியது.

உச்சியில் மந்தி சுனையைப் பார்த்தபடியே பெயர் கூப்பிட்டாள்.

“அணில்!”

“உள்ளேன் டீச்சர்!”

“தவளை!”

மைனாவுக்கு ஒரே குஷி. தொண்டையை உப்பிக்கொண்டு, “கொர்ர்... உள்ளேன் டீச்சர்!” என்றது. அணில் வாலைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது.

“ஆமை!”

“உள்...ளேன்... டீ...ச்சர்!”

“அடடே, எல்லாரும் வந்தாச்சு!” மந்தி பூரித்துப்போனாள்.

அப்போது கீழேயிருந்து மெல்லிய குரல். “டீச்சர்... மல்லாந்துட்டேன்... முதுகு சுடுது...”

“ஆமை! பக்கத்துல நின்னுக்கிட்டு ஏன்டா கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி பேசுறே?”

மைனாவுக்கு இறக்கை சில்லிட்டது. “டீச்சர்! அது நான் இல்லை!”

மந்தி திரும்பினாள். வகுப்பே ஓர் அணிலும் ஒரு மைனாவும்தான்!

“அப்போ ‘உள்ளேன்’னு சொன்னது?”

“நான்தான்! ஆமையும் நான்தான், தவளையும் நான்தான்! ஓடுங்க டீச்சர்!”

பாதிப் பாறையில் ஆமையின் கால்கள் காற்றைத் துழாவி ஓய்ந்துகொண்டிருந்தன. மந்தி பதறிப்போய் அதைப் புரட்டி நிழலில் வைத்தாள். மைனா பறந்து பறந்து, அலகில் தண்ணீர் கொண்டுவந்து சொட்டியது.

மெல்லக் கண் திறந்த ஆமை கேட்டது: “சுனை எப்படி இருக்கு டீச்சர்?”

மந்தி திரும்பி யானைத்தடத்தைப் பார்த்தாள்.

மறுவாரம் தவளையும் சேர்த்து முழு வகுப்பும் யானைத்தடத்தில் நடந்தது. ஆமைதான் முன்னால். போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது.

“ஆமை!” என்று கூப்பிட்டாள் மந்தி, இம்முறை முகத்தைத் தேடியபடி.

பழக்கதோஷத்தில் மைனாவின் தொண்டை உப்பியது. அணில் முறைத்தது. மைனா டபக்கென்று அலகை மூடிக்கொண்டது.

சுனைக்குள்ளிருந்து ஆமையின் ஈரத் தலை எழுந்தது. “உள்ளேன் டீச்சர்!”

கடைசிப் பிள்ளையும் வந்து சேரக்கூடிய வழியே பள்ளிக்கூடம் போகவேண்டிய வழி.