பூச்சிக்குளத்து மன்றம் மாநாட்டுக்குப் போன கதை

பூச்சிக்குளத்தில் நடிகர் மகரந்தனுக்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. மகரந்தன் என்று மொட்டையாகச் சொன்னால் அந்த ஊரில் சண்டைக்கு வந்துவிடுவார்கள், அனல்நாயகன் மகரந்தன். மன்றத்தில் நாலு பேர். தலைவர் ஆவுடையப்பன், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். செயலாளர் கொம்பையா, தையல்காரர். எழுத்துக் கூட்டி வாசிப்பார் என்பதால் நாலு பேரில் அவர்தான் அறிவாளி. துணைச் செயலாளர் பேச்சிமுத்துக்கு மாவு மில்லில் வேலை. மகளிரணித் தலைவி சொர்ணக்கிளி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள். அவள் குரல் அடுத்த ஸ்டாப்பிலும் கேட்கும்.

ஒருநாள் தலைமையிலிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் மாநாடு. அனல்நாயகனே நேரில் வருகிறார். கொம்பையா கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்: "சொன்னதைச் சொன்னபடி செய்யாத கிளை கலைக்கப்பட்டு, பக்கத்துக் கிளையோடு சேர்க்கப்படும்."

பக்கத்துக் கிளை வண்டானூர். அங்கே தலைவர் ஆவுடையப்பனின் சொந்த மச்சினன். மச்சினனுக்குக் கீழே துணைத்தலைவராக உட்காருவதை நினைத்ததும் ஆவுடையப்பன் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கீழே போட்டார்.

"சொன்னதைச் சொன்னபடி செஞ்சிருவோம்வே" என்றார். "ஒரு எழுத்து பிசகக் கூடாது. வாசியும்."

"தலைவர் கட்டவுட்டுக்கு நாற்பது அடி. ஒரு அடிகூடக் குறையக் கூடாது."

பேச்சிமுத்து ஏற்கெனவே ஒரு கட்டவுட் செய்து வைத்திருந்தார். ஆள் உயரம், அனல்நாயகன் கையில் அரிவாளோடு சிரித்துக்கொண்டிருப்பார்.

"தலைவரையா அடிக்கச் சொல்லுதாவ?" என்றாள் சொர்ணக்கிளி.

"நம்ம பாசத்தைச் சோதிக்காவ தங்கச்சி" என்றார் கொம்பையா. "யார் வேணும்னாலும் மாலை போடலாம். அடிக்க மனசு வருமா?"

"எதை வச்சு அடிக்கணும்னு போட்டிருக்கா?"

"போடலை. அது நம்ம இஷ்டம்."

ஆளுக்குப் பத்து என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். உலக்கையை எடுத்து முதல் அடியை ஆவுடையப்பன் போட்டார். போட்டுவிட்டு கட்டவுட்டின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். இப்படி ஒவ்வொரு அடிக்கும் ஒரு மன்னிப்பு. பத்து முடிவதற்குள் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். முப்பத்தேழாவது அடியில் அனல்நாயகனின் தலை தனியாகக் கழன்று விழுந்தது.

"நிறுத்திருவமா?" என்றார் பேச்சிமுத்து.

"இன்னும் மூணு இருக்குவே" என்றார் கொம்பையா.

மூன்றையும் போட்டார்கள். மிச்சம் இருந்தது இரண்டு காலும் ஒரு பெல்ட்டும். அதற்கு மாலை போட்டு, கடிதத்தின் அடுத்த வரிக்குப் போனார்கள்.

"ரசிகர்கள் ஒரே குரலில் முழங்க வேண்டும்."

"ஒரே குரல்னா, யார் குரல்?" என்று கேட்டார் ஆவுடையப்பன். இதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கடைசியில் சொர்ணக்கிளியின் குரல் என்று தீர்மானம் நிறைவேறியது. மற்ற மூன்று பேரும் வாயை மட்டும் திறந்து திறந்து மூட வேண்டும். பழகிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் போன கம்பவுண்டர் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "வெயில்ல நிக்காதிய, நிழலுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வரி: "அலைகடலெனத் திரண்டு வாரீர்!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாலு பேரும் பஸ் ஸ்டாண்டில் வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். மகரந்தன் முகம் போட்ட பனியன் நாலு பேர் மேலும். பஸ் வந்தது. அலை மாதிரி ஐந்து எட்டு எடுத்து வைத்து முன்னே போனார்கள். அலை மாதிரியே ஐந்து எட்டு பின்னே வந்தார்கள். பஸ் போய்விட்டது. இப்படி மூன்று பஸ் போனது.

"ஏறிருவோம் தலைவரே, நேரமாவுது" என்றார் பேச்சிமுத்து.

"எந்த அலைவே கரையில ஏறி உக்காந்திருக்கு?" என்றார் ஆவுடையப்பன். ஆனாலும் அவர் கண்முன்னே மச்சினன் முகம் வந்து போனது.

நாலாவது பஸ் டிரைவர் இவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இவர்கள் முன்னே வரும் நேரம் பார்த்து வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். நாலு பேரும் படிக்கட்டில் மோதி உள்ளே விழுந்தார்கள்.

மாநாட்டுப் பொட்டலில் இருபதாயிரம் பேர். மாவட்டச் செயலாளர் நவநீதனை எல்லோரும் 'மாவட்டம்' என்றே கூப்பிடுவார்கள். மாவட்டம் இந்த நாலு பேரையும் பார்த்தார், பேச்சிமுத்து முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்த இரண்டு காலையும் பெல்ட்டையும் பார்த்தார், எதுவும் கேட்காமல் மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன கேட்டில் காவலுக்கு நிறுத்தினார்.

"அடையாள அட்டை இல்லாம ஒருத்தரையும் விடக்கூடாது. என்னைப் பெத்த அப்பனே வந்தாலும் சரி!"

ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மச்சினனுக்குப் பந்தலில் கடைசி வரிசை. இவருக்கோ மேடை வாசல்.

பத்தரை மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. கூட்டத்துக்குப் பயந்து முன்வாசலைத் தவிர்த்துவிட்டுத் தனியாக வந்திருந்தார் அனல்நாயகன் மகரந்தன். விக் வைக்கவில்லை. அதெல்லாம் மேடைக்குப் பின்னால் அறையில் தயாராக இருந்தது. வழுக்கைத் தலையோடு சாதுவாக இறங்கினார்.

"அட்டை?" என்றார் ஆவுடையப்பன்.

"நான்தாங்க மகரந்தன்."

நாலு பேரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு தங்கள் பனியனைக் குனிந்து பார்த்தார்கள்.

"நீங்க மாவட்டத்தோட அப்பாவா?" என்று கேட்டார் கொம்பையா.

"இல்லை."

"அவரோட அப்பாவுக்கே அனுமதி கிடையாது. நீங்க அவருக்கு அப்பாவும் இல்லை. பிறவு எப்படி விடுறது?"

"தம்பி, உள்ளே எல்லாரும் எனக்காகத்தான் காத்திருக்காங்க."

"எங்களுக்கும் அப்படித்தான் தோணும் அண்ணாச்சி" என்றார் பேச்சிமுத்து இரக்கத்தோடு.

ஆவுடையப்பனுக்கும் பாவமாக இருந்தது. "மனசை விட்டுராதிய. மூக்கு கொஞ்சம் தலைவர் மாதிரிதான் இருக்கு. முடி வளரட்டும், பாப்போம்" என்று தோளில் தட்டிக்கொடுத்தார். மகரந்தன் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருத்தரும் அவரைக் கவனிக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் வடை பொரிந்துகொண்டிருந்தது. அவர் முகம் லேசாக மலர்ந்தது. ரோட்டைத் தாண்டிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு மணிக்குக் கூட்டம் நாற்காலிகளை அடிக்க ஆரம்பித்தது. மாவட்டம் இரண்டு காதிலும் இரண்டு போனோடு கேட்டுப் பக்கம் ஓடி வந்தார். "அறையில காணோம், போனும் எடுக்கலை! எங்கே இருந்தாலும் சரி, தலைவரை உடனே தூக்கிட்டு வந்து மேடையில நிறுத்துங்கய்யா!" என்று கத்திவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடினார்.

மூன்று பேரும் மெதுவாக ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்கள்.

"என்னையா?" என்றார் ஆவுடையப்பன். "எனக்குக் கூச்சமா இருக்குவே."

"தலைவர்னுதான சொன்னாவ" என்றார் கொம்பையா. "நம்ம நாலு பேர்ல வேற யாரு தலைவர்?"

"நடந்தே வாரேனே."

"தூக்கிட்டு வரச் சொல்லிருக்காவ அண்ணாச்சி. சொன்னதைச் சொன்னபடி செய்யலைன்னா வண்டானூர்தான்" என்றாள் சொர்ணக்கிளி.

தூக்கிக்கொண்டு போய் மேடை நடுவில் நிறுத்தினார்கள். அதே நேரம் யாரோ புகை மிஷினைப் போட்டார்கள். வெடி வெடித்தது. இருபதாயிரம் பேரும் எழுந்து நின்று அலறினார்கள்.

"அடுத்த படத்துக் கெட்டப்புடா!" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"தன் முகம் போட்ட பனியனைத் தானே போட்டுக்கிட்டு வந்திருக்காரு பாரு. அந்தத் தைரியம் வேற எவனுக்கு வரும்?" என்றான் பக்கத்தில் இருந்தவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மாவட்டம் மாலையோடு வந்து, முகத்தை நிமிர்ந்தே பார்க்காமல், ஆவுடையப்பன் காலில் விழுந்தார். விழுந்தவர் அப்படியே கிடந்தார். யாரோ ஆவுடையப்பன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

அவருக்கு மனசு முழுக்க ஒரே கவலை. அதை மைக்கில் கேட்டுவிட்டார்.

"தலைவர் வந்துட்டாரா?"

"வந்துட்டாரு!" என்று பந்தலே அதிர்ந்தது.

ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அனல்நாயகனை மறைத்துவிடக் கூடாதே என்று மேடை ஓரத்துக்கு ஒதுங்கினார். மாலையைக் கழற்றிக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் எம்பி, பந்தலின் பின்பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். "எங்க? எந்தப் பக்கம்?"

தலைவரே பார்க்கிறார் என்றால் சும்மாவா? இருபதாயிரம் பேரும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, காலியாகக் கிடந்த முன்வாசல் ரோட்டைப் பார்த்துக் கைதட்ட ஆரம்பித்தார்கள்.