பதினோரு பேருக்கு ஒரே ராபர்ட்

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்று கனகமணி சேர்ந்த பயிற்சி மையத்தில் பூபதி சார் வைத்ததுதான் சட்டம். பேச்சுத் தேர்வுக்கும் அவர் அச்சடித்துக் கொடுத்த விடையைத்தான் ஒப்பிக்க வேண்டும்.

"ஒரு வார்த்தை மாறினாலும் தேர்வுக்கு அனுப்ப மாட்டேன்!"

மாதிரித் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். "உன் நெருங்கிய நண்பர் யார்?" என்று கேட்டார். முதல் பத்து மாணவிகளும் வரிசையாக வந்து, அச்சடித்த விடையில் இருந்த, கிட்டார் வாசிக்கும் ராபர்ட்டின் புகழையே பாடினார்கள். கடைசியாக வந்த கனகமணியும் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். பிறகு தட்டுத்தடுமாறிச் சொந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மேடம், சார்கிட்ட அந்த ராபர்ட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க ஹாஸ்டலுக்கு அனுப்பச் சொல்லுங்களேன். நாங்க பதினோரு பேரும் அவரைப் பார்த்ததே இல்ல."

பூபதி சாரின் முகம் கறுத்தது. அம்மாள் குலுங்கிச் சிரித்தார்.

"சார், இன்னைக்கு இங்கிலீஷ் பேசினது இவ ஒருத்திதான். தேர்வுக்கு அனுப்புற பட்டியல்ல முதல் பேரா இவ பேரை எழுதுங்க." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நிஜமா மனசு விட்டு யாரோட பேசுவேம்மா?"



"ஊரை விட்டு வந்து நாலு மாசமாச்சு மேடம். இன்னைக்கு உங்ககூடத்தான்."